பள்ளி முடிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது: காம்ஃபெட் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வராததற்குப் பெற்றோரின் மனப்போக்குதான் காரணம், பண்பாடு மாறினால் எல்லாம் மாறும் என்று 1990-களின் தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். 1991-ல் வேல்ஸைச் சேர்ந்த ஆன் காட்டன் கல்வி ஆய்வு ஒன்றுக்காக ஜிம்பாப்வேயின் வடமேற்கு மூலையில் இருக்கும் மோலாவுக்குப் போனபோது அவரிடம் இருந்த ஊகமும் இதுவே. ஊர்க்காரர்களிடம் பேசப் பேச அது பொய்த்துப் போனது.

மோலாவில் வாழ்பவர்கள் பெரும்பாலும் டோங்கா மக்கள். 1950-களின் பிற்பகுதியில் ஜாம்பசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை கட்டப்பட்டபோது இரு கரையிலுமாகச் சுமார் 57,000 டோங்காக்கள் ஆற்றங்கரை நிலங்களைப் பறிகொடுத்து மேட்டு நிலத்துக்குப் போக நேர்ந்தது. அங்கே மண்ணும் சரியில்லை, மழையும் சரியில்லை. 1980-ல் நாடு விடுதலை பெற்றபின் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் போனது. உயர்நிலைக் கல்விக்குப் போகவில்லை. 1991-ல் வந்த பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் அரசுச் செலவைக் குறைத்தது. அடுத்த ஆண்டு கடும் வறட்சி. கையில் இருக்கும் காசு ஒரு பிள்ளைக்குத்தான் போதும் என்றால் யாரை அனுப்புவது? சம்பள வேலை கிடைக்க வாய்ப்புள்ள மகனை. பெற்றோர் போட்டது வெறும் கணக்கு. அந்த ஊரில் காட்டன் சந்தித்த அக்கா தங்கை இருவர், கட்டணம் குறைவு என்பதற்காகவே சுமார் நூறு கிலோமீட்டர் நடந்து வந்து மோலா பள்ளியில் சேர்ந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஊர் திரும்பிய காட்டன் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றுப் பணம் சேர்த்தார். 1993-ல் ஜிம்பாப்வேயில் 32 மாணவிகளுக்குக் கட்டணம் செலுத்திக் காம்ஃபெட் என்ற பெண் கல்வித் தொண்டு நிறுவனம் தொடங்கியது. இன்று அது ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளில் இயங்குகிறது. இங்கே நாம் பார்க்கப்போவது அதன் வளர்ச்சிக் கதையை அல்ல. உதவித்தொகை வாங்கிப் படித்த பெண், தான் படித்த ஊரிலேயே மற்றவர்கள் சொல் கேட்கும் ஆளாக எப்படி ஆகிறாள், அதற்கு எந்தெந்தப் பாகங்கள் வேண்டும், எது கழன்றால் எது நின்றுபோகும் என்பதைத்தான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

உதவித்தொகை என்றதும் மதிப்பெண் பட்டியலை எடுப்பது பலருக்கும் பழக்கம். காம்ஃபெட் தேவையைத்தான் முதலில் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே பாதி நாள் பள்ளிக்கு வராத பிள்ளையின் மதிப்பெண், அவள் வீட்டு நிலைமையைக் காட்டுமே தவிர அவள் திறமையைக் காட்டாது. மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தால், வீட்டில் விளக்கும் இரவுச் சோறும் உள்ள பிள்ளைகளே பட்டியலில் வருவார்கள்.

தேர்வை ஊரிடமே விடுகிறார்கள். தலைமையாசிரியர், பொறுப்பாசிரியை, பெற்றோர், கிராமத் தலைவர், முன்பு இதே உதவியில் படித்த பெண் எனப் பலர் கூடும் குழுவுக்கு அந்தப் பொறுப்பு. ஜிம்பாப்வேயில் கிராமத் தலைவரை ‘சபுகு’ என்பார்கள். எந்த வீட்டில் யார் இறந்தார், எந்தப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்பது அவருக்குத் தெரியும். படிவத்தில் கேட்க வேண்டியவையும் அத்தகைய கேள்விகளே: யாருடன் வசிக்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு, தம்பி தங்கைகள் எத்தனை பேர், பள்ளி எவ்வளவு தூரம், கடந்த ஆண்டு எத்தனை முறை கட்டணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

இதில் கெட்டுப்போக வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. பட்டியல் ஒரே ஆளின் கையில் இருந்தால் அது அவர் உறவினர் பட்டியலாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிட மோசமானது இன்னொன்று. கட்டணம் கட்டும் அதிகாரம் ஓர் ஆணிடம் மட்டும் இருக்கும்போது அந்தப் பெண் அவர் தயவில் வாழ வேண்டியிருக்கிறது. பாலியல் சுரண்டல் பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது. எனவே பணத்தைக் கையாள்வதும் குழந்தைப் பாதுகாப்பும் தனித்தனி வேலைகளே அல்ல. தனக்கு என்னென்ன சேர வேண்டும் என்பது மாணவிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பொருள் வந்ததும் அவளே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்குக் குறைந்தது இரண்டு பேரையாவது அவள் அறிந்திருக்க வேண்டும். கட்டணம் நேராகப் பள்ளிக்குப் போக வேண்டும்.

எதற்கெல்லாம் பணம்

ஜிம்பாப்வேயில் தொடக்கப் பள்ளி ஏழு ஆண்டு. பிறகு உயர்நிலைப் பள்ளியில் ஃபார்ம் 1 முதல் 4 வரை. அதன் முடிவில் ஓ-லெவல் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும் உட்பட ஐந்து பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் ஆசிரியர் பயிற்சி, செவிலியர் பயிற்சி போன்ற கதவுகள் திறக்கும். தேர்வுக் கட்டணம் பாடவாரியாகக் கட்ட வேண்டும். நான்கு ஆண்டு படித்துவிட்டு, காசில்லாமல் இரண்டு பாடத்துக்கு மட்டும் பதிவு செய்யும் மாணவி, அந்த நான்கு ஆண்டையும் கிட்டத்தட்ட இழக்கிறாள்.

கட்டணத்தோடு சீருடை, காலணி, பை, நோட்டு, பேனா, சோப்பு, நாப்கின், தேர்வுக் கட்டணம், தூரத்துப் பிள்ளையென்றால் விடுதிச் செலவு என்று எல்லாம் ஒரே கட்டாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அரசின் ‘பீம்’ உதவித் திட்டம் 2001 முதல் நடக்கிறது. அது பள்ளிக்குக் கட்ட வேண்டியதை ஏற்கிறது. சீருடையும் நோட்டும் குடும்பத்தின் பாடு. பணமும் பல ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது.

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தெற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை குதிர் காலி. புதிய சோளம் இன்னும் வந்திருக்காது. கட்டணம் கேட்கும் மாதமும் பசி மாதமும் ஒன்றாக வருகின்றன. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் உதவித்தொகை, ‘இந்த முறை வருமா’ என்ற பயத்தைச் சரியாக அந்த மாதத்தில் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து முதல் நாளே உறுதி கொடுத்தால் பெற்றோரின் கணக்கு மாறும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை அவர்களால் தள்ளிப்போட முடியும்.

விடுதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி பதினைந்து கிலோமீட்டர் தள்ளி என்றால் பிள்ளைகள் பள்ளியருகே குடிசையோ அறையோ வாடகைக்கு எடுத்துத் தாங்களே பொங்கித் தின்று தங்குவது உண்டு. ‘புஷ் போர்டிங்’ என்பார்கள். மேற்பார்வை கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் அதிர்ஷ்டம். கட்டணம் கட்டியாயிற்று என்று அறிக்கையில் எழுதப்பட்ட மாணவி கர்ப்பமாகிப் படிப்பை விடுவதற்கு இந்த அறை ஒரு பெரிய காரணம். மிதிவண்டியா, மேற்பார்வையுள்ள விடுதியா என்பதை மாணவிக்கு மாணவி பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

பண மதிப்பைப் பற்றியும் ஜிம்பாப்வே ஒரு கடுமையான பாடம் சொல்லித் தந்தது. 2008-ல் பணவீக்கம் எல்லை மீறியது. ஆசிரியர்கள் வேலை தேடி எல்லை தாண்டினார்கள். பள்ளிகள் மாதக்கணக்கில் நடக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ‘ஆண்டுக்கு இத்தனை டாலர்’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. ‘கட்டணம் எவ்வளவானாலும் எங்கள் பொறுப்பு, ஜனவரியில் ஒரு ஜோடி காலணி’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பு உண்டு.

பள்ளிக்குள் ஒரு பெண்

பங்கேற்கும் பள்ளியில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை ‘டீச்சர் மென்டர்’ பொறுப்பில் இருப்பார். வருகைப் பதிவைப் பார்த்து, ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவது, மாதவிடாய் முதல் மாமாவின் தொல்லை வரை காதுகொடுத்துக் கேட்பது, வேண்டிய இடத்தில் காவல் துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. பள்ளியில் ஒரு சிறு அவசர நிதியும் உண்டு. உதவித்தொகைப் பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்போ நான்கு நோட்டோ வேண்டுமென்றால் அதிலிருந்து கொடுக்கலாம். தொகை சின்னது. ஆனால் பட்டியலில் உள்ளவர்கள் மீது மற்றவர்களுக்கு எழும் பொறாமையைப் பெருமளவு குறைப்பது இந்த நிதிதான்.

ஆசிரியையை மட்டும் நம்பினால் திட்டம் ஆட்டம் காணும். அவருக்கு முழுப் பாடவேளை உண்டு. மாறுதல் உத்தரவு வந்தால் அடுத்த மாதமே போய்விடுவார். அவருடைய குறிப்பேடு அவரோடு போகாமல் பள்ளியில் இருக்க வேண்டும். ஒருவருக்கு இருவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஓ-லெவல் முடிந்த மறுநாள்

பெரும்பாலான உதவித்தொகைகள் முடியும் இடம் இது. தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வேலை இல்லை, மேற்படிப்புக்குப் பணம் இல்லை, ஊரில் ‘படித்து என்ன ஆயிற்று’ என்ற பேச்சு. கல்யாணமோ, நகரத்தில் வீட்டு வேலையோ, எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவோ என்று ஆறு மாதத்துக்குள் ஏதோ ஒன்று முடிவாகிவிடும்.

1998-ல் ஜிம்பாப்வேயில் காம்ஃபெட் உதவியில் படித்து முடித்த சுமார் 400 பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். சுருக்கமாக ‘காமா’, இப்போது காம்ஃபெட் அசோசியேஷன். அதன் முதல் தலைவர் ஆஞ்செலின் முரிமிர்வா. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் நாட்டின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றைப் பெற்றும் உயர்நிலைக் கட்டணம் கட்ட வழியில்லாதிருந்தவர். காம்ஃபெட் உதவிய முதல் மாணவிகளில் ஒருவர். 2023 முதல் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியே அவர்தான். பயனாளியாக இருந்தவர் நிர்வாகியாவது அரிதாக நடக்கிறது. இங்கே அது நடந்ததற்கு, 1998-லேயே அந்தப் பெண்களின் கையில் ஓர் அமைப்பு இருந்தது முக்கியமான காரணம்.

சங்கம் செய்யும் முதல் வேலை அந்த ஆறு மாத இடைவெளியை நிரப்புவது. ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டிய பெண் ஒருத்தி, புதிதாகப் பள்ளி முடித்தவர்களைக் கூட்டி வைத்து உடல்நலம், வரவு செலவு, சிறு தொழில், மேற்படிப்பு விண்ணப்பம் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்று உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

லேர்னர் கைடு

2013 வாக்கில் தொடங்கிய இந்த ஏற்பாடுதான் இந்த ஆய்வின் மையம். சங்கத்து இளம்பெண் பயிற்சி பெற்று, தன் ஊர்ப் பள்ளிக்கே தன்னார்வ வழிகாட்டியாகத் திரும்பிப் போகிறாள். சுமார் 18 மாத ஒப்பந்தம். வாரந்தோறும் வகுப்பு நடத்துகிறாள். ‘மை பெட்டர் வேர்ல்ட்’ என்ற பயிற்சிப் புத்தகம் கையில் இருக்கும். தன்னை அறிதல், இலக்கு வைத்தல், தோல்வியில் எழுதல், படிக்கும் முறை, வளரிளம் பருவ உடல்நலம் என்று பாட நூலில் வராதவை அதில் வரும். ஆண் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அவள் நடந்து போகிறாள். ஆசிரியை போனால் விசாரணை; இவள் போனால் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் நிஜக் காரணம் வெளிவரும்.

தான்சானியாவில் இதற்கு ஒரு கூடுதல் வேலை சேர்ந்தது. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளி சுவாஹிலியில். உயர்நிலைக்குப் போன முதல் நாள் முதல் எல்லாம் ஆங்கிலத்தில். ஃபார்ம் 1-ல் பலர் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகத் தனியாக ஓர் ஆங்கிலப் பயிற்சி நூல் தயாரானது. லேர்னர் கைடுகளே அதை நடத்தினார்கள்.

பதிலுக்கு அவளுக்கு என்ன? சம்பளம் இல்லை. வட்டியில்லாத் தொழில் கடன் உண்டு. கீவா என்ற இணையக் கடன் அமைப்பு வழியாக அதற்கு நிதி வருகிறது. அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டிக்குப் பதில் பள்ளியில் கொடுத்த நேரமே வட்டி. ‘சமூக வட்டி’ என்று இதற்குப் பெயர். பயிற்சியையும் பணியையும் முடித்தால் பிடெக் (BTEC) என்ற பிரிட்டன் தொழிற்சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. ஓ-லெவலில் ஐந்து பாடம் வராதவளுக்கு அந்தச் சான்றிதழ் ஆசிரியர் பயிற்சிக்கான படியாக அமையலாம்.

இங்கேதான் தலைமை உருவாகிறது என்பது நமது கணிப்பு. மேடைப் பேச்சுப் பயிற்சி, தலைமைப் பண்பு முகாம் என்று மூன்று நாள் நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் யாரும் தலைவராவதில்லை. இந்தப் பெண்ணுக்கு முன்னால் வாரந்தோறும் ஒரு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. தலைமையாசிரியர் அறைக்குள் கூச்சமில்லாமல் நுழைய ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமென்றால் சபுகுவிடம் போய்ப் பேசியாக வேண்டும். கடையிலோ கோழிக் கொட்டிலிலோ வரும் சொந்தக் காசு கையில் இருப்பதால் அவள் சொல்லுக்குக் கனம் கூடுகிறது. பள்ளி மேம்பாட்டுக் குழுவில் அவளுக்கு இடம் கிடைப்பது இதற்கெல்லாம் பிறகு. வரிசை முக்கியம்: முதலில் வேலை, பிறகு மரியாதை, அதன்பின் பதவி.

வழிகாட்டி வகைகளும் பெருகின. ஜிம்பாப்வேயிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சில உறுப்பினர்கள் கோஸ்டா ரிகாவில் உள்ள ‘எர்த்’ பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு வந்தார்கள். மூடாக்கு, ஊடுபயிர், பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சொட்டுநீர் என்று மழை பொய்க்கும் நிலத்துக்கு ஏற்றவற்றை ஊர்ப் பெண்களுக்குக் கற்பிக்கும் வேளாண் வழிகாட்டிகள் உருவானார்கள். அந்த முயற்சிக்கு 2019-ல் ஐ.நா. காலநிலை நடவடிக்கை விருது கிடைத்தது.

அளந்தது எது, அளக்காதது எது

தான்சானியாவில் திட்டம் நடந்த பள்ளிகளை நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரியல் மையம் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 100 டாலர் செலவுக்கு ஏறக்குறைய இரண்டு கூடுதல் ஆண்டுப் படிப்புக்கு ஈடான கற்றல் முன்னேற்றம் என்று அது கணித்தது. மிக ஏழ்மையான பெண்களை எட்டுவதற்குச் செலவு அதிகம், ஆனாலும் பயன் அதைத் தாண்டுகிறது என்பதும் அதன் வாதம். 2020-ல் முரிமிர்வாவுக்கும் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி லூசி லேக்குக்கும் கல்விக்கான யீடான் பரிசு. 2021-ல் நிறுவனத்துக்கு ஹில்டன் மனிதநேயப் பரிசு.

அந்த எண்ணைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அளக்கப்பட்டது கற்றல். தலைமை அளக்கப்படவில்லை. அதற்கு வேறு கணக்கு வேண்டும்: முன்னாள் மாணவிகளில் எத்தனை பேர் பள்ளிக் குழுவில் இருக்கிறார்கள், சொந்தக் காசில் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், மூன்றாவது ஆண்டிலும் அவர்கள் தொழில் நடக்கிறதா, அவர்கள் பள்ளியில் இடைநிற்றல் குறைந்ததா. சங்க உறுப்பினர் ஒருவர் சராசரியாக மூன்று பிள்ளைகளுக்கு உதவுகிறார் என்று காம்ஃபெட் சொல்கிறது. அது உறுப்பினர்கள் தாமே சொல்லும் கணக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கே கழலும்

சம்பளமில்லா உழைப்பு முதல் பலவீனம். ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாக எடுப்பது நியாயமா என்ற கேள்விக்குச் சமூக வட்டி ஒரு பதில், முழுப் பதில் அல்ல. கடன் தாமதமாக வந்தால் அவள் முதல் ஆறு மாதம் வெறுங்கையோடு உழைக்கிறாள், அப்போதுதான் விலகுவாள். கடன் பயிற்சியோடு சேர்ந்து வர வேண்டும்.

தொழில் தேர்வு இரண்டாவது. ஒரே ஊரில் ஐந்து பேர் ஒரே பயிற்சியில் ஒரே கோழி வளர்ப்பைக் கற்றால் சந்தையில் அவர்களே அவர்களுக்குப் போட்டி. புயலோ நோயோ வந்தால் அசல் போகும். தவணை விடுப்பு விதி எழுத்தில் இல்லாவிட்டால் கடன் கட்ட முடியாதவள் வெட்கத்தில் பள்ளிப் பக்கமே வரமாட்டாள். கடனோடு வழிகாட்டியும் போய்விடும்.

குழந்தை பெற்ற மாணவி பள்ளிக்குத் திரும்புவதற்குச் சட்டமும் துணை நிற்க வேண்டும். கர்ப்பத்தைக் காட்டி மாணவியை வெளியேற்றுவதை ஜிம்பாப்வே 2020-ல் சட்டத்தால் தடுத்தது. தான்சானியா 2021 நவம்பரில்தான் தடையை விலக்கியது. அதுவரை அங்கே எந்த வழிகாட்டி எவ்வளவு நடந்தாலும் அந்த மாணவியை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாத நிலை.

கட்டணமில்லாக் கல்வி வந்தால் இந்தத் திட்டம் தேவைப்படாது என்று நினைக்கலாம். தான்சானியா 2016 முதல் ஃபார்ம் 4 வரையும், ஜாம்பியா 2022 முதல் உயர்நிலைக் கல்வியிலும் கட்டணத்தை நீக்கின. வகுப்பறை நிரம்பி வழிந்தது. சீருடை, சாப்பாடு, தங்குமிடம் பழையபடியே. ஆசிரியர் ஒருவர் எண்பது பேரைப் பார்க்கும் வகுப்பில், வராத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. உதவித்தொகையின் பங்கு குறைந்து வழிகாட்டியின் பங்கு கூடியது.

சிறிய அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு

முன்னாள் மாணவர் மன்றமோ குடும்ப அறக்கட்டளையோ பத்துப் பேருக்கு உதவ நினைத்தால், முதலில் கையிலுள்ள பணத்தை நான்கு ஆண்டுக்குப் பிரித்துப் பாருங்கள். முப்பது பேருக்கு ஓராண்டுக் கட்டணம் கட்டுவதைவிட ஆறு பேருக்கு முழுக் கட்டு நான்கு ஆண்டுக்குக் கொடுப்பது மேல். படம் எடுத்துப் போட முப்பது பேர் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம். தேர்வுக் குழுவில் ஊர்க்காரர் ஐந்து பேராவது, அதில் பெண்கள் பாதி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசர நிதியாகப் பள்ளியில் வையுங்கள். செலவுக் கணக்கு சுவரில் ஒட்டப்படட்டும்.

படிப்பு முடிந்த பின் ஓராண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். அந்த ஆண்டில் அவளுக்குக் கொடுக்க ஒரு வேலையை இப்போதே தீர்மானியுங்கள்: எந்தப் பள்ளி, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், யாரிடம் அறிக்கை, போக்குவரத்துக் காசு எவ்வளவு. வேலையை முதல் ஆண்டு மாணவியிடமே சொல்லிவிடுங்கள். முதல் அணியிலிருந்து ஒருவரை, இரண்டாவது அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வாக்குரிமையோடு உட்கார வையுங்கள். பார்வையாளராக உட்கார வைத்தால் அவள் பேசமாட்டாள்.